நிக்ஸ் செய்தது சரி

ஐந்து பருவங்களில் நான்கு முறை அணியை பிளே-ஆஃபுக்குக் கொண்டுபோனவர். கடைசி இரண்டு பருவங்களில் 50, 51 என்று வெற்றிகளைக் குவித்தவர். 2000-க்குப் பிறகு நியூயார்க் எட்டிக்கூடப் பார்க்காத கிழக்குப் பிரிவு இறுதித் தொடருக்கு 2025-இல் அணியை இட்டுச்சென்றவர். அந்தத் தொடரில் இண்டியானா பேசர்ஸிடம் 4-2 என்று தோற்ற மூன்றாம் நாள், ஜூன் 3 அன்று, டாம் திபடோவை நியூயார்க் நிக்ஸ் நிர்வாகம் வேலையிலிருந்து நீக்கியது. ஜூலையில் மைக் பிரவுன் அந்த நாற்காலிக்கு வந்தார். அப்போது அமெரிக்கக் கூடைப்பந்து வட்டாரத்தில் பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்துவிட்டார்கள், இனி நிக்ஸ் சறுக்கத்தான் போகிறது.

இந்தத் தீர்ப்பில் நன்றியைப் பற்றிச் சொல்லப்படுவது நியாயமானது. அணியைப் பற்றிச் சொல்லப்படுவது தவறு.

நியாயமான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-இல் திபடோ வந்தபோது நிக்ஸ் தொடர்ந்து ஏழு பருவங்கள் பிளே-ஆஃப் வாசலைக்கூட மிதிக்காத அணி. அந்த ஏழில் இரண்டு பருவங்கள் 17 வெற்றி, 65 தோல்வி என்று முடிந்தவை. சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரசிகர்களே அணியின் உரிமையாளரைப் பார்த்து அணியை விற்றுவிடு என்று கூச்சல் போட்ட காலம் அது. திபடோ வந்த முதல் பருவத்திலேயே 41-31. அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கே. தோற்றுத் தோற்று மரத்துப்போயிருந்த ஓர் அணிக்கு உழைப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவர் அவர். நியூயார்க் ரசிகர்கள் அவர் பெயரை மரியாதையோடு சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் ஓர் அணியைக் குழியிலிருந்து தூக்கிவிடுவது ஒரு வேலை, அதைக் கோப்பை வரைக்கும் கொண்டுசேர்ப்பது இன்னொரு வேலை. 1973-க்குப் பிறகு 2025 வரை நிக்ஸ் என்பிஏ கோப்பையைத் தொட்டதில்லை. 1999-க்குப் பிறகு அதுவரை என்பிஏ இறுதித் தொடரில் ஆடியதும் இல்லை. இரண்டாவது வேலைக்குத் திபடோவின் முறை போதாது என்பதற்கான சாட்சியங்கள் 2024-25 பருவம் முழுக்க, கண் இருந்தவர் எவரும் பார்க்கும்படி, கிடந்தன.

எண்களிலிருந்து தொடங்கலாம். ஜேலன் பிரன்சன், ஜாஷ் ஹார்ட், மிகால் பிரிட்ஜஸ், ஓஜி அனுனோபி, கார்ல்-அந்தோணி டவுன்ஸ் என்ற தொடக்க ஐவர் அந்தப் பருவத்தில் சேர்ந்து ஆடியது 940 நிமிடம். லீகின் 30 அணிகளில் வேறெந்த ஐவரும் அவ்வளவு நேரம் ஒன்றாகக் களத்தில் நிற்கவில்லை. பிரிட்ஜஸ் 82 ஆட்டங்களிலும் ஆடி, மொத்த நிமிடங்களில் லீகின் முதலிடத்தில் இருந்தார். ஹார்ட் ஆட்டத்துக்குச் சராசரி 37.6 நிமிடம். இதற்கு மறுபக்கமாக, மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளிகளில் நிக்ஸ் லீகிலேயே கடைசி இடம்.

பெஞ்சில் ஆளே இல்லாததால்தான் தொடக்க ஐவர் அவ்வளவு நேரம் ஆட நேர்ந்தது என்று திபடோவின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சென்டர் மிட்செல் ராபின்சன் கணுக்கால் சிகிச்சை முடிந்து பிப்ரவரி கடைசியில்தான் களம் திரும்பினார். மற்றபடி பெஞ்சில் இருந்தவர்கள் ஆடத் தெரியாதவர்கள் அல்லர். 2025 மார்ச்சில் பிரிட்ஜஸே வாய்திறந்து, தொடக்க ஆட்டக்காரர்களின் சுமையைக் குறைப்பது பற்றிப் பயிற்சியாளரிடம் பேசியதாகவும், நிமிடங்களை எடுத்துக்கொள்ளத் தகுதியானவர்கள் அணியில் இருக்கிறார்கள் என்றும் செய்தியாளர்களிடம் சொன்னார். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று திபடோ மறுத்தார். யார் சொன்னது சரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஒரு நாள்கூட ஓய்வு கேட்காமல் ஆடுகிறவர் என்று பெயரெடுத்த பிரிட்ஜஸ் போன்ற ஒருவர் அதைப் பொதுவெளியில் சொல்லும் நிலை வந்தது என்பதே போதுமான செய்தி.

நிமிடக் கணக்கைவிடப் பெரிய கோளாறு ஆட்டத்தின் அமைப்பில் இருந்தது. டவுன்ஸ் ஏழடி உயரக்காரர். அந்தப் பருவத்தில் மூன்று புள்ளி ஷாட்டில் 42 சதவீதம் போட்டவர். அப்படிப்பட்டவர் பிரன்சனைத் துரத்துகிறவரின் வழியில் நின்று ஸ்கிரீன் போட்டுவிட்டு வெளியே நகர்ந்தால், எதிரணியின் உயரமான சென்டர் கூடையைக் காப்பதா டவுன்ஸைத் துரத்துவதா என்று திணற வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் அப்படித்தான் திணறினார்கள். பிறகு விழித்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து எறியத் தயங்கும் ஹார்ட்டின் மேல் சென்டரை நிறுத்திவிட்டு, ஓடியாடக்கூடிய வேறொருவரை டவுன்ஸிடம் அனுப்பினார்கள். ஹார்ட்டை மூலையில் தனியாக விட்டுவிட்டு அந்தச் சென்டர் கூடையடியிலேயே நின்றுகொண்டார். நிக்ஸின் மிகக் கூர்மையான ஆயுதம் மழுங்கிப்போனது. அணிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன. நிக்ஸ் மட்டும் அதே ஐவரை அதே வரிசையில் இறக்கிக்கொண்டே இருந்தது. ஹார்ட்டை பெஞ்சிலிருந்து இறக்கி, ராபின்சனைத் தொடக்கத்தில் நிறுத்திய மாற்றம் எப்போது வந்தது தெரியுமா? கிழக்குப் பிரிவு இறுதித் தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த மண்ணில் பறிகொடுத்த பிறகு.

அதனால்தான் வழக்கமான பருவத்தில் பாஸ்டன், கிளீவ்லாண்ட், ஓக்லஹோமா சிட்டி என்ற மூன்று முன்னணி அணிகளோடு மோதிய பத்து ஆட்டங்களிலும் நிக்ஸ் தோற்றது. பத்துக்குப் பத்து. பிளே-ஆஃபில் பாஸ்டனை வீழ்த்தியது உண்மைதான், அது வீரம்தான். முதல் இரண்டு ஆட்டங்களிலும் 20 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து வந்தார்கள். நான்காம் ஆட்டத்தில் பாஸ்டனின் ஜேசன் டேட்டமின் குதிகால் நாண் அறுந்ததும் அந்தக் கதையில் சேர்த்தி. ஆனால் 51 வெற்றிகளை மட்டும் எண்ணுகிறவர்கள் அந்தப் பத்துத் தோல்விகளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பேசர்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தை நியூயார்க்கில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது நிக்ஸ் 119-105 என்று முன்னிலை. பிரன்சனின் கணக்கில் அன்று 43 புள்ளிகள், டவுன்ஸுக்கு 35. ஆனால் பேசர்ஸின் ஏரன் நீஸ்மித் எறிந்து தள்ளினார். நான்காம் கால் பகுதியில் மட்டும் ஆறு மூன்று புள்ளி ஷாட்டுகள். கடைசி நொடியில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தின் பின்விளிம்பில் பட்டு, பலகைக்கும் மேலே எழும்பி, அரங்கமே மூச்சைப் பிடித்திருக்க நேராக வலைக்குள் விழுந்தது. வெற்றி என்று நினைத்து ஹாலிபர்ட்டன், எதிரணி திணறிவிட்டது என்று கழுத்தைப் பிடித்துச் சைகை காட்டினார். அவர் கால் கோட்டின் மேல் இருந்ததால் அது இரண்டு புள்ளி, ஆட்டம் 125-125 சமன். ஓவர்டைமில் 138-135 என்று இண்டியானா வென்றது. அதில் அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் நாற்பத்தைந்தாம் நிமிடத்திலும் முதல் நிமிடத்தைப் போலவே ஓடிக்கொண்டிருந்த ஓர் அணிக்கும், பந்தை ஒரே ஆளின் கையில் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் நின்று பார்த்த ஓர் அணிக்கும் இடையில் நடந்த ஆட்டம் அது. எதிரணி பத்துப் பேரைச் சுழற்றிச் சுழற்றி இறக்கியது.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஓபி டாப்பின். 2020-இன் புதுமுக ஆட்டக்காரர் தேர்வில் (டிராஃப்ட்) எட்டாவது ஆளாக நிக்ஸ் எடுத்த பையன். திபடோவின் கீழ் பெஞ்சிலேயே காலம் போனது. 2023-இல் டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் இரண்டுக்காக அவரை இண்டியானாவிடம் விட்டுக்கொடுத்தார்கள். 2024-இலும் 2025-இலும் நிக்ஸைப் பிளே-ஆஃபிலிருந்து வெளியேற்றிய அணியில் அவர் ஓடி ஓடிப் பந்தை வளையத்தில் அடித்தார்.

மாற்று ஆட்டக்காரர்களை நம்பலாம் என்று திபடோவுக்கே காட்டிய ஆட்டமும் அதே தொடரில் உண்டு. மே 25, மூன்றாம் ஆட்டம். நிக்ஸ் 20 புள்ளி பின்தங்கியிருந்தது. ஃபவுல் தொல்லையால் பிரன்சன் நான்காம் கால் பகுதியின் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். அதுவரை பிளே-ஆஃபில் அதிகம் கண்ணில் படாத டிலான் ரைட்டும் லாண்ட்ரி ஷாமெட்டும் அன்று இறக்கப்பட்டு எதிரணியில் பந்தைக் கொண்டுவருகிறவர்களை நெருக்கினார்கள். பந்து டவுன்ஸைத் தேடிப் போனது. கடைசிப் பகுதியில் மட்டும் அவர் 20 புள்ளி எடுத்தார். நிக்ஸ் 106-100 என்று வென்றது. மாற்று ஆட்டக்காரர்கள் பருவம் முழுக்கவே இப்படிப் பழக்கப்பட்டிருந்தால்? பயிற்சியாளரை மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேட வேண்டியதில்லை.

வென்ற பயிற்சியாளரை நீக்கிய அணி உருப்பட்டதில்லை என்ற வாதமும் அடிக்கடி காதில் விழுகிறது. என்பிஏ வரலாறு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 2003-இல், அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் தலா 50 வெற்றி எடுத்து, கிழக்குப் பிரிவு இறுதி வரை வந்த பயிற்சியாளரை நீக்கிவிட்டு லாரி பிரவுனைக் கொண்டுவந்தது. அப்போதும் இதே கூக்குரல்தான். மறு ஆண்டே டெட்ராய்ட் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை 4-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. நீக்கப்பட்ட அந்தப் பயிற்சியாளர் ரிக் கார்லைல். ஆம், இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து நிக்ஸை வீட்டுக்கு அனுப்பிய அதே பேசர்ஸ் பயிற்சியாளர். நீக்கம் அவரையும் அழித்துவிடவில்லை. 2011-இல் டாலஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார், இருபதாண்டு கழித்து தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு லீகின் வேகமான அணிகளில் ஒன்றை உருவாக்கினார். திபடோவுக்கும் இன்னொரு வாய்ப்பு வரும், வரவும் வேண்டும்.

சிகாகோ 1989-இல் டக் காலின்ஸை அதே இடத்தில், கிழக்குப் பிரிவு இறுதியில் தோற்ற பிறகு, அனுப்பியது. பக்கத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஃபில் ஜாக்சன், மைக்கேல் ஜோர்டனின் கையிலிருந்து பந்தைக் கொஞ்சம் விடுவித்து மற்றவர்களிடமும் ஓடவிட்டார். அடுத்த பத்தாண்டுக்குள் ஆறு கோப்பை. டொரான்டோ 2018-இல், 59 வெற்றியும் சிறந்த பயிற்சியாளர் விருதும் பெற்ற டுவேன் கேஸியை நீக்கியது, 2019-இல் கோப்பை. அதற்கு காவாய் லெனார்ட் வந்ததுதான் காரணம் என்பார்கள். சரி, அந்த உதாரணத்தை விட்டுக்கொடுக்கலாம். கோல்டன் ஸ்டேட்டை விட்டுக்கொடுக்க முடியாது. 2013-14-இல் மார்க் ஜாக்சனின் கீழ் 51 வெற்றி, நிக்ஸின் கணக்கேதான். லீகில் மிகக் குறைவாகப் பந்தைப் பாஸ் செய்த அணி அது. ஜாக்சனை நீக்கியபோது அணியின் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரிக்கே அதில் உடன்பாடில்லை. ஸ்டீவ் கெர் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். அதுவரை தன் வாழ்நாளில் ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடக்க ஐவரில் ஒருவராகவே ஆடியிருந்த ஆண்ட்ரே இகுவடாலாவை பெஞ்சில் உட்காரச் சொன்னார். பந்து கைமாறத் தொடங்கியது. 67 வெற்றி, கோப்பை. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெஞ்சிலிருந்து வந்த இகுவடாலாவுக்கு.

எதிர்ப்பக்கம் சாட்சியே இல்லை என்பதல்ல. சிகாகோவே 2015-இல் இதே திபடோவை நீக்கிவிட்டு ஃப்ரெட் ஹாய்பர்க்கைக் கொண்டுவந்து, மறு ஆண்டு 42-40 என்று சறுக்கி பிளே-ஆஃபைத் தவறவிட்டது. டென்வர் 2013-இல், 57 வெற்றி எடுத்த ஜார்ஜ் கார்லை அனுப்பிவிட்டு அடுத்த ஆண்டு 36-க்கு இறங்கியது. ஆனால் டென்வரில் அந்தக் கோடையிலேயே இகுவடாலா விலகினார். முழங்கால் காயத்தால் டானிலோ கலினாரி மறு பருவம் முழுக்க ஆடவில்லை. அணியைக் கட்டிய மசாய் உஜிரியும் டொரான்டோவுக்குப் போய்விட்டார். 2015-இன் சிகாகோவில் டெரிக் ரோஸும் யோவாகிம் நோவாவும் உடம்பால் தேய்ந்துபோயிருந்தார்கள். அணி கலைந்தால் எந்தப் பயிற்சியாளரும் சறுக்குவார். 2025 கோடையில் நிக்ஸின் ஐந்து தொடக்க ஆட்டக்காரர்களும் அப்படியே இருந்தார்கள். பெஞ்சுக்கு ஜோர்டன் கிளார்க்சனும் கெர்ஷான் யாபுசெலேவும் வந்தார்கள்.

இனி மைக் பிரவுன். நான்கு முறை நீக்கப்பட்டவர் என்பதுதான் அவர்மேல் எறியப்படும் முதல் கல். கிளீவ்லாண்டில் இரண்டு முறை, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு முறை, சாக்ரமென்டோவில் ஒரு முறை. முதல் நீக்கம் 61 வெற்றிக்குப் பிறகு, லெப்ரான் ஜேம்ஸ் கிளம்பப்போகிறார் என்ற பயத்தில் நடந்தது. லெப்ரான் கிளம்பினார், மறு பருவம் கிளீவ்லாண்ட் எடுத்தது 19 வெற்றி. அந்தக் காலத்துப் பிரவுனின் தாக்குதல் ஆட்டம் சப்பென்று இருந்தது என்ற குறை நியாயமானது. பந்தை லெப்ரானிடம் கொடுப்பதே பெரும்பாலும் திட்டம். லேக்கர்ஸில் 2012-இல் புதிய முறை ஒன்றைப் பழக்கப்போய், ஐந்தே ஆட்டங்களில் வேலை போனது.

அந்தப் பிரவுனையே இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் விமர்சகர்களின் பிழை. 2016-இலிருந்து ஆறு ஆண்டுகள் அவர் கெருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பந்து எப்படி ஓட வேண்டும் என்று கற்றார். 2017 பிளே-ஆஃபில் கெர் முதுகுவலியால் ஒதுங்கியபோது பொறுப்பைப் பிரவுன் ஏற்றார்; கெர் திரும்பும் வரை அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 2021-இல் நைஜீரியாவின் பயிற்சியாளராக, ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆட்டத்தில் அமெரிக்காவை 90-87 என்று வீழ்த்தினார்.

பிறகு சாக்ரமென்டோ. முந்தைய பருவம் 30 வெற்றி. பதினாறு ஆண்டுகளாக பிளே-ஆஃப் காணாத அணி, என்பிஏ வரலாற்றிலேயே அதுதான் நீண்ட வறட்சி. பிரவுனின் முதல் பருவத்தில் 48 வெற்றி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். சிறந்த பயிற்சியாளர் விருதுக்கு ஒரு வாக்குகூட வேறு யாருக்கும் போகவில்லை. எப்படிச் செய்தார் என்பதுதான் நிக்ஸுக்கு முக்கியம். உயரமான டொமான்டாஸ் சபோனிஸை ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில் நிறுத்தி, பந்தை முதலில் அவரிடம் கொடுப்பார்கள். சுற்றிலும் ஷாட்காரர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் சபோனிஸை உரசிக்கொண்டு வந்து கைமேல் பந்தை வாங்குவார். வழி அடைபட்டால் சபோனிஸ் அதே நொடியில் பின்னால் வெட்டி ஓடுகிறவருக்குக் கொடுப்பார். டிஆரன் ஃபாக்ஸ் ஆட்டம் முழுக்கப் பந்தைச் சுமக்க வேண்டியதில்லை. அதனால் கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவரிடம் கால் இருந்தது. நெருக்கடி நேரச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை என்பிஏ அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொடுத்தது, வாங்கியவர் ஃபாக்ஸ். 2025-இல் அதே விருதை வாங்கியவர் பிரன்சன்.

சபோனிஸ் நின்ற இடத்தில் டவுன்ஸை நிறுத்திப் பார்க்க வேண்டும். சபோனிஸுக்கு இல்லாத ஷாட் டவுன்ஸிடம் இருக்கிறது. ஹார்ட் மூலையில் சும்மா நின்றால்தான் எதிரணிக்கு வசதி. அவர் ஓடி வெட்டினால், ஸ்கிரீன் போட்டால், அவர்மேல் நிறுத்திய சென்டரும் ஓடியே ஆக வேண்டும். பிரிட்ஜஸும் அனுனோபியும் பந்துக்குக் காத்து நிற்கிறவர்களாக இல்லாமல் பந்தோடு நகர்கிறவர்களாவார்கள். இந்த வேலையை ஏற்கெனவே செய்துகாட்டியவர் என்பதால்தான் பிரவுன் பொருத்தமானவர்.

சாக்ரமென்டோவிலும் கடைசியில் கவிழ்ந்தாரே என்ற கேள்விக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. 2024 டிசம்பர் 26 அன்று டெட்ராய்ட்டோடு ஆடிய ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிடத்தில் 10 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டார்கள். 13-18 என்ற கணக்கில் மறுநாளே பிரவுன் நீக்கப்பட்டார். அந்த அணியின் டிஃபன்ஸ் அவர் விரும்பிய தரத்துக்கு ஒருபோதும் வரவில்லை. ஆனால் சாக்ரமென்டோவில் அனுனோபி இல்லை, பிரிட்ஜஸ் இல்லை, ராபின்சன் இல்லை. டிஃபன்ஸ் ஆடத் தெரிந்தவர்கள் இருந்தபோது பிரவுன் என்ன செய்தார் என்பதற்கு 2009-இன் கிளீவ்லாண்ட் சாட்சி: 66 வெற்றி.

ஜேசன் கிட், கிறிஸ் ஃபின்ச், ஈமே உடோகா என்று மற்ற அணிகளின் பயிற்சியாளர்களைக் கேட்டு நிக்ஸ் நிர்வாகம் வாசல்தோறும் மறுக்கப்பட்டதாக வந்த செய்திகள் தலைகுனிவுதான். மாற்று ஆளைத் தயாராக வைத்துக்கொண்டு நீக்கியிருக்க வேண்டும். அந்தக் கோடைக்காலச் சொதப்பலுக்கும், 2025 அக்டோபர் 22 அன்று கிளீவ்லாண்டோடு கார்டனில் தொடங்கிய பருவத்துக்கும் முடிச்சுப்போட ஒன்றுமில்லை.

கிழக்குப் பிரிவே 2025-26-இல் பலவீனமாகக் கிடக்கிறது, யார் வந்தாலும் வெல்லலாம் என்று பருவத்துக்கு முன்பே ஒரு பேச்சு கிளம்பியது. டேட்டம் அப்போது காயத்தில் இருந்தார். 2025 என்பிஏ இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனுக்கும் குதிகால் நாண் அறுந்தது. வழி திறந்திருந்தது, உண்மை. நிக்ஸ் சறுக்கும் என்றும் வென்றாலும் அது வெற்றியில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதோடு, வழி திறந்திருக்கும் ஆண்டில்தான் மாற்றம் மிக அவசியம். பிரிட்ஜஸுக்காக முதல் சுற்றுத் தேர்வுகள் ஐந்தைக் கொடுத்தாயிற்று. அணியில் மற்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று பிரன்சன் 2024-இல் காத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 11 கோடியே 30 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். தொடக்க ஐவரில் நால்வர் அப்போதே முப்பது வயதை நெருங்கியவர்கள் அல்லது தொட்டவர்கள். அந்த அணிக்கு இரண்டு மூன்று பருவங்கள்தான் இருந்தன. பழைய முறையிலேயே இன்னொரு 51 வெற்றியை எடுத்து, இன்னொரு மே மாதம் களைத்து நிற்க அவர்களுக்கு நேரமிருக்கவில்லை.

பிரவுனின் முதல் பருவத்தை அதன் நவம்பரை வைத்து எடைபோடக் கூடாது. புதிய ஆட்டம் பழகும்போது முதல் முப்பது ஆட்டங்களில் சில அசிங்கமான தோல்விகள் வருவது இயல்பு. திபடோ இருந்திருந்தால் என்று கார்டனில் முணுமுணுப்பு எழுவதும் இயல்பு. ஏப்ரலில் பார்க்க வேண்டியவை வேறு: பிரிட்ஜஸும் ஹார்ட்டும் எத்தனை நிமிடம் ஆடி முடித்தார்கள், பெஞ்சிலிருந்து வரும் மைல்ஸ் மெக்பிரைடுக்கும் கிளார்க்சனுக்கும் நெருக்கமான ஆட்டங்களில் பழக்கம் ஏறியதா, எதிரணி ஹார்ட்மேல் சென்டரை நிறுத்தியபோது டவுன்ஸ் பந்தை எந்த இடத்தில் வாங்கினார், நான்காம் கால் பகுதியில் பிரன்சன் உட்கார நேர்ந்தபோது முன்னிலை நின்றதா.